இரவு எட்டு மணிக்கு மட்டும் என் வீட்டில் என்ன கெட்டுப்போகிறது? இணைய நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

என் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்கும், நெட்வொர்க் பிரிவுத் தலைவருக்கும், வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கும்:

“உங்கள் இணைப்பைச் சோதித்தோம். எங்கள் தரப்பில் வேகம் சரியாக உள்ளது. இது உங்கள் வீட்டு வைஃபையால் ஏற்படும் சிக்கல். கூடுதல் வேகம் தேவையென்றால் அடுத்த திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம்.”

என் புகாருக்கு நீங்கள் கடைசியாக அனுப்பிய பதில் இது. அனுப்பிய கையோடு புகாரையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டீர்கள். சோதித்தோம் என்பதை நம்புகிறேன். அடுத்த வாக்கியம் அரை உண்மை, அதற்கடுத்தது பொய், கடைசி வாக்கியம் வியாபாரம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை உங்கள் கஸ்டமர் கேரில் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. நான் பேசத் தொடங்கியதும் “ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்ற இடத்துக்கே உரையாடல் திரும்பிவிடுகிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வேறு நிறுவனங்களின் இணைப்பு வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஏறத்தாழ இதே வாசகங்களில் பதில் வந்திருக்கிறது. இந்த மடல் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் கணக்கு. நான் எடுத்திருப்பது நொடிக்கு 200 மெகாபிட் திட்டம். “சார், மெகாபிட் வேற, மெகாபைட் வேற” என்று உங்கள் ஊழியர் பாடம் எடுத்தார். தெரியும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 200 மெகாபிட் என்றால் ஒரு கோப்பு இறங்கும்போது நொடிக்கு 25 மெகாபைட் வரவேண்டும். முகவரி, சரிபார்ப்பு என்று ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது தரவுத் துண்டும், சுமக்கும் கூடுதல் சுமையைக் கழித்து 23 வந்தாலும் வாய் திறக்க மாட்டேன். இரவு எட்டு மணிக்கு மேல் எனக்கு வருவது 4.

வைஃபைக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் அங்கிருந்து நகர்வதே இல்லை. வீட்டு இணையம் மெதுவாக இருக்கிறது என்று வரும் புகார்களில் கணிசமானவை வைஃபையால்தான் என்பதை மறுக்கவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அந்த மூன்றில்தான் முண்டியடிக்கின்றன. பழைய வைஃபை 4 வகை, ஒற்றை ஆன்டெனா போன் ஒன்று அதில் இணைந்தால் காகிதத்திலேயே 72 மெகாபிட்தான். கையில் கிடைப்பது அதில் பாதி இருந்தால் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் அதுவும் சரியும். ஆகவே முதல் கேள்வியாக வைஃபையைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. அதையே கடைசிக் கேள்வியாகவும் வைத்துக்கொண்டு புகாரை மூடுவதுதான் தவறு.

நான் வைஃபையில் சோதிக்கவில்லை. உங்கள் டெக்னீஷியன் சுவரில் மாட்டிவிட்டுப் போன அதே பெட்டியின் கிகாபிட் போர்ட்டில் லேப்டாப்பை நேரடியாகக் கேபிளில் இணைத்தேன். லேப்டாப்பின் வைஃபையை அணைத்தேன். டிவி, போன்கள், கேமரா எல்லாவற்றையும் இணைப்பிலிருந்து எடுத்தேன். பின்னணியில் அப்டேட் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு அளந்தேன். உங்கள் வலைக்கு வெளியே இருக்கும் சர்வர்களை வைத்து, விடியற்காலையில் 190 மெகாபிட்டைத் தொடுகிறது. நண்பகலிலும் ஏறத்தாழ அப்படியே. மாலை ஏழு மணிக்குச் சரியத் தொடங்கி, எட்டிலிருந்து பதினொன்று வரை 35 பக்கம் கிடக்கிறது. நள்ளிரவு தாண்டியதும் தானாக ஏறிவிடுகிறது. ஒரே லேப்டாப், ஒரே கேபிள், ஒரே போர்ட். கடிகாரம் பார்த்துக் கெட்டு, கடிகாரம் பார்த்துச் சரியாகும் கேபிள் எதுவும் இதுவரை விற்பனைக்கு வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், வேகம் எவ்வளவு குறைகிறது என்பதைவிட எப்படிக் குறைகிறது என்பதுதான் கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும். அறைக்கு அறை மாறினால் வைஃபை. எந்த நேரத்தில் அளந்தாலும் 94, 95 என்று ஆணி அடித்தாற்போல் நின்றால், எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. பழைய போர்ட்டாக இருக்கலாம், அல்லது உள்ளிருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்கு மட்டும் வேலை செய்யும் கேபிளாக இருக்கலாம். கிகாபிட் இணைப்புக்கு எட்டும் வேண்டும். எந்நேரமும் பழைய திட்டத்தின் வேகமே வந்துகொண்டிருந்தால், திட்டம் மாறிய பிறகும் உங்கள் கணினியில் என் கணக்கின் வேக வரம்பை யாரோ மாற்ற மறந்திருக்கிறார்கள். வேகம் அடிக்கடி அறுந்து அறுந்து வந்தால் ஃபைபரின் வளைவையும் கனெக்டரின் அழுக்கையும் பார்க்க வேண்டும். கேபிளில் அளந்தும் நேரத்துக்கு நேரம் மாறினால்? அது நெரிசல். நெரிசல் என் வீட்டுக்குள் இருக்க முடியாது.

உங்கள் பயிற்சிக் கையேட்டில் இந்த நான்கைந்து வரிகள் இருந்தாலே பாதிப் புகார்கள் சரியான மேசைக்குப் போய்ச் சேரும். இல்லை என்பதற்கு எதிர்வீட்டுப் பெரியவரே சாட்சி. அவரும் உங்கள் வாடிக்கையாளர், 200 மெகாபிட் திட்டம்தான். ‘பெட்டியிலேயே ஒயரைச் சொருகினாலும் 95ஐத் தாண்ட மாட்டேங்குதே’ என்று என்னிடம் வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். நீங்கள் கொடுத்த பெட்டியில் நான்கு போர்ட். அதில் ஒன்று மட்டும் கிகாபிட், மற்ற மூன்றும் 100 மெகாபிட். உங்கள் ஆள் மூன்றில் ஒன்றில் அவருடைய ரூட்டரைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். ஒயரைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் மாட்டினேன், சரியாகிவிட்டது. அதுவரை அவர் கட்டிய காசில் பாதி அந்தத் துளையில்தான் போயிருக்கிறது. அவர் எத்தனையோ முறை புகார் சொன்னவர். ஒவ்வொரு முறையும் “ரூட்டரை நடு ஹால்ல வைங்க ஐயா” என்றுதான் பதில் வந்ததாம். உங்கள் சர்வரிலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எந்தப் போர்ட் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பது தெரியும். பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

என் கதை துளை மாற்றித் தீரும் கதை இல்லை.

“எங்கள் தரப்பில் வேகம் சரியாக உள்ளது” என்பதை அரை உண்மை என்றேன். நீங்கள் என்னிடம் அளக்கச் சொன்னது உங்கள் சொந்த ஸ்பீட் டெஸ்ட் பக்கத்தில். அதில் இரவு ஒன்பது மணிக்கும் 180 காட்டுகிறது என்பது சரிதான். நானே பலமுறை பார்த்தேன். ஆனால் அந்தச் சோதனைக்கான சர்வர் உங்கள் வலைக்கு உள்ளேயே இருக்கிறது. என் வீட்டிலிருந்து உங்கள் கட்டடம் வரை சாலை நன்றாக இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. நான் காசு கொடுப்பது உங்கள் கட்டடத்துக்கு வந்துபோக இல்லை, அதைத் தாண்டி உலகத்துக்குப் போக.

வெளியே இருக்கும் சர்வர்களோடு அளந்தால் 35. எம்-லேப் என்ற பொதுநல அமைப்பு 2009 முதல் நடத்தும் சோதனையில் சர்வர்கள் வேண்டுமென்றே வீட்டு இணைய நிறுவனங்களின் வலைக்கு வெளியே வைக்கப்படுகின்றன. அதனால் நிறுவனத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவிலுள்ள பாதையும் அளவுக்குள் வருகிறது. அந்தச் சோதனை ஒரே ஒரு டிசிபி இணைப்பை (இரு கணினிகள் தரவை விடுபடாமல் பரிமாறிக்கொள்ளும் வழக்கமான முறை) திறந்து அளப்பது. ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட் டெஸ்ட் வழக்கமாகப் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறக்கும். இரண்டும் வெவ்வேறு எண்களைத் தருவதைப் பார்த்துவிட்டு “இந்த டெஸ்ட் எல்லாம் நம்ப முடியாதுங்க” என்றார் உங்கள் மேற்பார்வையாளர். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். கேள்வியைப் புரிந்துகொண்டால் வித்தியாசமே தடயம்.

இன்னொன்றும் கேட்டீர்கள்: “யூடியூப் நல்லா ஓடுதா? ஓடினா நெட் நல்லா இருக்குன்னு அர்த்தம்.” ஓடுகிறது. 4கே தரத்தில்கூடச் சிக்காமல் ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று உங்கள் நெட்வொர்க் பிரிவிடம் கேளுங்கள். கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் அதிகம் பார்க்கப்படும் படங்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்களை இணைய நிறுவனங்களின் வலைக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கின்றன. படம் வெளியிலிருந்து வரவில்லை, உங்கள் அறையிலிருந்தே வருகிறது. ஃபாஸ்ட்.காம் சோதனையும் நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களிலிருந்துதான் அளக்கிறது. அதனால் அதிலும் நல்ல எண்ணே வருகிறது. படம் மட்டும் பார்ப்பவருக்கு உங்கள் இணைப்பில் குறை தெரியாது. அலுவலகச் சர்வரில் வேலை செய்பவர், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு வீடியோவில் பேசுபவர், இரவு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவி, தன் கோப்புகளை மேகச் சேமிப்பில் ஏற்றுபவர் ஆகியோர்தான் அடிபடுகிறார்கள். என் வீட்டில் இந்த வகையினர் எல்லோரும் இருக்கிறோம்.

பாக்கெட்டுகள் போகும் வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டர் வரையிலும் எவ்வளவு தாமதம் என்று காட்டும் டிரேஸ்ரூட் சோதனையும் எடுத்தேன். இரவில், உங்கள் வலையை விட்டு வெளியேறும் இடத்தில் தாமதம் சில மில்லிசெகண்டிலிருந்து ஒரேயடியாக 100ஐத் தாண்டிக் குதிக்கிறது. நடுவில் ஒரு ரூட்டர் மட்டும் அதிகத் தாமதம் காட்டி, அடுத்தவை எல்லாம் சரியாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அந்த ரூட்டர் பிங் போன்ற சோதனைக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது என்றுதான் பொருள். இங்கே அப்படி இல்லை. குதித்த தாமதம் அந்த இடத்திலிருந்து கடைசிவரை அப்படியே தொடர்கிறது. விடியற்காலையில் அதே பாதையில் அந்தக் குதிப்பே இல்லை. அந்த இடத்தைக் கடக்கும் பாக்கெட்டுகள் வரிசையில் நின்று காத்திருக்கின்றன, சில தொலைந்தும் போகின்றன.

தொலைவது சிறிது என்று நினைத்துவிடாதீர்கள். பாக்கெட் இழப்பு டிசிபியை என்ன செய்யும் என்பதற்கு 1997இலேயே மாதிஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு எளிய சூத்திரம் வகுத்துத் தந்திருக்கிறார்கள். நூற்றில் ஒரு பாக்கெட் தொலைந்து, போய்வரும் நேரம் 100 மில்லிசெகண்டாக இருந்தால், அன்றைய வழக்கமான டிசிபி இணைப்பு ஒன்றால் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை மெகாபிட்டைத் தாண்ட முடியாது. திட்டம் 200ஆக இருந்தாலும் 2,000ஆக இருந்தாலும் அதே ஒன்றரைதான். இன்றைய முறைகள் சற்றே சமாளிக்கின்றன. ஆனாலும் வீடியோ அழைப்பில் முகம் உறைவதும், பெரிய கோப்பு பாதியில் நிற்பதும் இதனால்தான். பல இணைப்புகளைத் திறந்து அளக்கும் ஸ்பீட் டெஸ்ட் இந்த வலியைப் பூசி மெழுகிவிடும்.

விபிஎன் போட்டுப் பார்த்தேன். விபிஎன் என்பது என் தரவைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை. அது கூடுதல் சுமை, வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். எனக்கு இரவில் விபிஎன் போட்டால் வேகம் கூடுகிறது, 35 இருந்த இடத்தில் 100க்கு மேல். அது வேறு ஒரு நிறுவனத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. உங்கள் நெரிசலான வாசலைத் தவிர்த்துவிட்டுச் சுற்றுவழியில் போனால் சீக்கிரம் போய்ச் சேர முடிகிறது. இதைச் சொன்னபோது உங்கள் ஊழியர், “அப்போ விபிஎன் யூஸ் பண்ணிக்கோங்க சார்” என்றார். அதற்கும் மாதா மாதம் நான்தான் காசு கட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்த டெக்னீஷியனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மடலால் அந்தத் தம்பியின் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. அவர் ஒழுங்காக வேலை செய்தார். பவர் மீட்டரை வைத்து ஒளியின் அளவைப் பார்த்தார், மைனஸ் 20 டிபிஎம் பக்கம் இருந்தது. வழக்கமான ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பகிரும் முறை) பெட்டி, ஒளி மைனஸ் 27 வரை மங்கினாலும் தாங்கும் என்பதால் அது நல்ல அளவு. கனெக்டரைத் துடைத்தார். பேட்ச் கார்டை மாற்றினார். அப்புறம் தயங்கி, “ஸ்ப்ளிட்டர்ல ஆள் ஜாஸ்தி ஆகிடுச்சு சார், அதான்” என்றார். ஒரு ஃபைபரின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்து அனுப்பும் கருவிதான் ஸ்ப்ளிட்டர். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. ஜிபானில் ஒரு போர்ட்டுக்குக் கிடைப்பதே கீழ்நோக்கி நொடிக்கு 2.488 கிகாபிட். அதை 32 வீட்டுக்குப் பிரித்தால், எல்லோரும் ஒரே நொடியில் இழுக்கும்போது தலைக்கு 77 மெகாபிட்தான் வரும். 64 வீடு என்றால் அதிலும் பாதி. ஒரே கிணற்றில் முப்பத்திரண்டு வாளி. ஆனால் முப்பத்திரண்டும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை என்பதால் இந்தப் பங்கீட்டை நான் குறை சொல்லமாட்டேன். உலகெங்கும் இப்படித்தான் கட்டுகிறார்கள், இதனால்தான் வீட்டு இணையம் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது. தவிர, என் சிக்கல் ஸ்ப்ளிட்டரில் இல்லை. இருந்தால் உங்கள் சொந்தப் பக்கத்திலும் இரவில் 180 வந்திருக்காது. வைஃபை மீது பழி போட்டீர்கள், அது விழுந்ததும் பக்கத்து வீட்டார் மீது பழி விழுகிறது. உங்கள் சோதனையே இரண்டையும் பொய்யாக்குகிறது.

அந்தத் தம்பி கிளம்பும்போது ஓடிபி கேட்டார். அதைச் சொன்னால் புகார் தீர்ந்ததாகப் பதிவாகும். சரியாகவில்லையே என்றேன். “கொடுக்கலைன்னா என் கணக்குல பெண்டிங் விழும் சார்” என்றார். அவர் வந்தது காலை பதினொரு மணிக்கு, என் சிக்கல் இரவு எட்டு மணிக்கு. பதினொரு மணிக்கு எல்லாம் பச்சை விளக்குத்தான். நோய் இல்லாத நேரமாகப் பார்த்து வைத்தியரை அனுப்பிவிட்டு, நோயே இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. இதை வடிவமைத்தவர் அந்தத் தம்பி அல்லர்.

இனி உங்கள் கடைசி வாக்கியம், அடுத்த திட்டம். 500 மெகாபிட் திட்டத்துக்கு மாறினால் என்ன ஆகும்? என் வீட்டிலிருந்து உங்கள் கட்டடம் வரையிலான பாதைக்கு நீங்கள் போட்டிருக்கும் வேக வரம்பு 200இலிருந்து 500 ஆகும். உங்கள் கட்டடத்திலிருந்து வெளியே போகும் பாதை அப்படியேதான் இருக்கும். இரவில் எனக்கு அதே 35தான் வரும், உங்கள் சோதனைப் பக்கம் மட்டும் 480 காட்டும், பில்லும் ஏறும். புகார் சொல்பவரிடமே புகாருக்குக் காரணமான சரக்கை இன்னும் அதிகமாக விற்க முடிகிறது என்றால், கோளாறைச் சரிசெய்ய உங்களுக்கு என்ன அவசரம்? இது ஊழியரின் தவறான பரிந்துரை என்று விட்டுவிடலாம் என்றால், எழுத்தில் வந்த பதிலின் அடியில் ஒரு பொத்தானே இருக்கிறது, ‘இப்போதே மேம்படுத்துங்கள்’ என்று.

வெளியே செல்லும் பாதையில் இரவில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற வரைபடம் உங்கள் நெட்வொர்க் அறையின் திரையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் தொழிலில் அது இல்லாத நிறுவனம் கிடையாது. மாலை ஏழு மணிக்கு ஏறி, உச்சியில் மட்டமாகத் தட்டையாகி, நள்ளிரவில் இறங்கும் கோடு அதில் இருந்தால், அந்தத் தட்டைதான் என் 35. ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய விடை. அதை மறைத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கும் என்னை ரூட்டரை நகர்த்தச் சொல்கிறீர்கள்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015ஆம் ஆண்டின் 2120ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, வீட்டு இணைப்பு ஒப்பந்தத்தில் உச்ச வேகத்தோடு குறைந்தபட்ச வேகத்தையும் வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தையும் எழுதியே ஆகவேண்டும். ஜெர்மனியில் 2021 டிசம்பர் முதல், ஒழுங்குமுறை ஆணையத்தின் மென்பொருளால் வாடிக்கையாளரே அளந்து காட்டி, கட்டணத்தைக் குறைக்கவோ ஒப்பந்தத்தை முறிக்கவோ உரிமை கோரலாம். வீட்டில் உட்கார்ந்து வாடிக்கையாளர் எடுக்கும் அளவு அங்கே சான்று, இங்கே ‘நம்ப முடியாத டெஸ்ட்’. பிரிட்டனில் 2018 மே முதல் விளம்பரத்தில் ஒரு வேகத்தைப் போட வேண்டுமென்றால், இரவு 8 முதல் 10 வரையிலான நெரிசல் நேரத்தில் குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்காவது அது கிடைக்க வேண்டும். அங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காமின் விதிமுறையில் கையெழுத்திட்ட நிறுவனங்கள், உறுதியளித்த குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போனால் 30 நாளில் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் அபராதமின்றி வாடிக்கையாளரை விட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் வழக்கமான வேகம், தாமதம், கட்டணம் ஆகியவற்றை ஒரே சீட்டில் அச்சிட்டுக் காட்ட வேண்டும். எந்தச் சட்டம் எங்கே செல்லும் என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. இதெல்லாம் செய்ய முடியாத காரியம் என்று என்னிடம் சொல்லாதீர்கள் என்பதற்காக எடுத்துக்காட்டுகிறேன். இதே கருவிகளையும் இதே ஃபைபரையும் வைத்துத்தான் அவர்களும் தொழில் செய்கிறார்கள்.

நான் கேட்பவை இவை.

மூடிய என் புகாரைத் திறந்து, அதை வைஃபை புகாராக அல்லாமல் நெட்வொர்க் பிரிவின் புகாராக மாற்றுங்கள். இரவு 8 முதல் 11 வரை வெளியே செல்லும் பாதைகளில் நெரிசல் இருக்கிறதா இல்லையா என்று எழுத்தில் சொல்லுங்கள். இருக்கிறது என்றால் எந்தத் தேதிக்குள் கொள்ளளவைக் கூட்டுவீர்கள் என்பதும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும். இல்லை என்றால் நான் எடுத்த டிரேஸ்ரூட்டுகளை விளக்குங்கள். எல்லாவற்றையும் நேரத்தோடு சேர்த்து உங்கள் புகார்ப் பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன், ஒன்றைக்கூட யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

கேபிளில் அளந்து, நேரத்துக்கு நேரம் வேகம் மாறுகிறது என்று காட்டும் எந்த வாடிக்கையாளரையும் ரூட்டர் மறுதொடக்கப் படலத்திலிருந்து விடுவித்து நேராக நெட்வொர்க் பிரிவிடம் அனுப்புங்கள். அளவுக்கு உங்கள் சர்வரோடு, உங்கள் வலைக்கு வெளியே இருக்கும் ஒரு சர்வரையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பதிவு செய்ய உங்கள் ஊழியர்களுக்குப் புகார்ப் படிவத்தில் ஓர் இடம் கொடுங்கள்.

ஓடிபி முறையை மாற்றுங்கள். இரவில் வரும் சிக்கலை இரவில் சரிபார்த்த பிறகே புகார் மூடப்பட வேண்டும். அதுவரை திறந்திருப்பதற்காக டெக்னீஷியனின் கணக்கில் குறை எழுதாதீர்கள்.

புகார் திறந்திருக்கும் வரை அந்த வாடிக்கையாளரிடம் பெரிய திட்டத்தை விற்காதீர்கள். பதிலின் அடியில் இருக்கும் அந்தப் பொத்தானை எடுத்துவிடுங்கள்.

100 மெகாபிட்டுக்கு மேல் திட்டம் எடுத்த எல்லா வீடுகளிலும் உங்கள் பெட்டியின் எந்தப் போர்ட் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று உங்கள் இடத்திலிருந்தே பாருங்கள். எதிர்வீட்டுப் பெரியவரைப் போல இன்னும் எத்தனை பேர் தவறான துளையில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்களுக்குச் சேரவேண்டிய தொகையைத் திருப்பிக் கொடுங்கள். அவருடையதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, நெரிசல் நேரத்தில் வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தையும் அதற்குக் கீழே போகாது என்ற குறைந்தபட்ச வேகத்தையும் எண்ணில் எழுதுங்கள். எண் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. 80 என்று எழுதி 80 தந்தால் அதற்கேற்ற காசைக் கட்டிவிட்டுப் போகிறேன்.

என் கணக்கைப் பொறுத்தவரை, முதல் புகார் பதிவான நாளிலிருந்து வேகம் சரியாகும் நாள்வரைக்குமான கட்டணத்தில் உரிய பங்கைக் கழித்துத் தாருங்கள். இந்த மடல் கிடைத்த 30 நாளுக்குள் இரவு வேகம் சரியாகவில்லை என்றால், முன்கூட்டி விலகுவதற்கான அபராதம் இல்லாமல், பெட்டிக்காக வாங்கிய வைப்புத்தொகையில் பிடித்தம் இல்லாமல் என்னை விடுவியுங்கள். மீதமுள்ள மாதங்களுக்கு முன்பணமாகக் கட்டியதையும் திருப்பிக் கொடுங்கள்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். அதில் உங்கள் நெட்வொர்க் பிரிவைச் சேர்ந்த ஒருவரின் பெயரும் பொறுப்பும் இருக்கட்டும். தொலைபேசியில் அழைப்பதானால் இரவு எட்டரைக்கு அழையுங்கள். லேப்டாப் கேபிளில் இணைந்திருக்கும், இருவரும் சேர்ந்தே அளந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் 200 மெகாபிட் வாடிக்கையாளர்